ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன், இப்போது வகுப்புக்குப் போகவே கூசுகிறது

கேள்வி: எனக்கு 38 வயது. அலுவலக வேலை. ஆங்கிலம் படிக்க, எழுத வரும். பேச்சுதான் தடுமாறும் என்பதால் வாரம் ஒருமுறை நடக்கும் இணையவழி ஸ்போக்கன் இங்கிலீஷ் குழுவில் சேர்ந்தேன். இருவர் இருவராகப் பிரித்து, ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். ஒரு வாரம் ‘வாழ்க்கையில் நீங்கள் வருந்தும் ஒரு தவறு’ என்று தலைப்பு வந்தது. என்ன ஆனதோ தெரியவில்லை, என் பள்ளிக்காலத் தோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது என்னைப் போனில் கூப்பிட்டாள். ஏதோ அற்ப விஷயத்துக்குக் கோபமாக இருந்த நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அம்மா இறந்த பிறகும் போகவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. இதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. ‘ஐ டிட் எ பிக் மிஸ்டேக். ஐ மஸ்ட் வென்ட் டு ஹெர் ஹவுஸ்’ என்று நான் சொன்னதும், எனக்கு ஜோடியாக இருந்த கல்லூரி மாணவர் ‘நாட் மஸ்ட் வென்ட், ஷுட் ஹேவ் கான்’ என்று திருத்தினார். அப்புறம் ‘இட்ஸ் ஓகே, எவ்ரிபடி மேக்ஸ் மிஸ்டேக்ஸ்’ என்றார். அத்தோடு நேரம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் வகுப்பில் சேரவே இல்லை. யாரிடமும் சொல்லாததை ஆங்கிலத்தில் ஏன் சொன்னேன்? இப்படித் தலைப்பு வந்தால் பொய்யாக ஏதாவது சொல்லிவிடலாமா? இதையெல்லாம் ஒழுங்கான ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இன்னொன்று: தோழிக்கு ஆங்கிலத்திலேயே ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் என்றால் எழுதிவிட முடியும் போலிருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாணவர் சொன்ன திருத்தம் சரி, சொன்ன நேரம்தான் சரியில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வயதில் ஒருவர் திடீரென்று இப்படி மனம் திறந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் இலக்கணத்துக்குள் ஓடி ஒளிந்திருக்கிறார். குறை, வேறு வேறு வயதுக்காரர்களை ஜோடி சேர்த்து இப்படியொரு தலைப்பையும் கொடுத்துவிட்டு, கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காத பயிற்றுநருடையது. பேச்சுப் பயிற்சி நடத்தும் என் போன்றவர்கள் பலர் இந்த இடத்தில் அலட்சியமாக இருக்கிறோம்.

ஆங்கிலத்தில் ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு விசித்திரமாகப் படுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். நம்மைச் சின்ன வயதில் கண்டித்தது, வெட்கப்பட வைத்தது, ‘உனக்கு மனசாட்சியே இல்லையா’ என்று கேட்டது எல்லாம் தமிழில். அந்தச் சொற்களோடு சொன்னவர்களின் குரலும் முகமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னால் வகுப்பிலும் அலுவலகத்திலும் வந்து சேர்ந்த மொழிக்கு அந்த ஒட்டு இல்லை. 2003-இல் கேத்தரின் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னர் கற்றவர்களுக்கு இரண்டு மொழியிலும் சொற்களையும் வாக்கியங்களையும் கொடுத்து, உணர்ச்சி எழும்போது தோலின் மின்கடத்து திறன் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். குழந்தைகளைக் கடிந்துகொள்ளும் வாக்கியங்கள் தாய்மொழியில் வந்தபோது உடம்பு கூடுதலாகப் பதறியது. அதே கண்டிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது அவ்வளவு இல்லை.

ஆக, ‘ஐ டிட்ன்ட் பிக் அப் த ஃபோன்’ என்று நீங்கள் சொன்னபோது அந்த வாக்கியத்துக்குள் உங்களைக் குற்றம் சாட்ட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் நா எழுந்தது. எதிரே இருந்தவர் உங்கள் உறவுக்காரரோ அண்டைவீட்டாரோ இல்லை என்பதும் ஒரு துணிச்சல். சொல்லி முடித்து, கணினியை மூடிவிட்டு, சொன்னதை மனதுக்குள் மறுபடி தமிழில் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். கூச்சம் அப்போதுதான் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். பலர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்: பேசும்போது ஒன்றும் தெரியவில்லை, அன்று இரவுதான் தூக்கம் போயிற்று என்று. நீங்கள் சொன்னது தவறில்லை. ஆனால் கேட்கத் தகுதியான ஆளும், கேட்பதற்கான நேரமும் இல்லாத இடத்தில் சொன்னது போய் விழுந்தது. அதன் வலிதான் இது.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘வருந்தும் தவறு’ என்ற தலைப்பை ஆங்கில வகுப்புகளில் வைப்பது யாருடைய மனதையும் திறந்து பார்ப்பதற்காக இல்லை. ‘ஷுட் ஹேவ்’, ‘ஐ விஷ் ஐ ஹேட்’, ‘இஃப் ஐ ஹேட்’ என்ற மூன்று அமைப்புகளையும் ஒரே மூச்சில் வாயில் வரவழைக்க இதைவிட வசதியான தலைப்பு கிடையாது, அவ்வளவுதான். பாடத்திட்டத்துக்கு வேண்டியது ஒரு இறந்தகாலச் சம்பவம். அது உங்கள் தோழியின் அம்மாவாக இருந்தாலும் ஒன்று, தவறான ஆளுக்குப் போன ஒரு மின்னஞ்சலாக இருந்தாலும் ஒன்று. எனவே எதைக் கொண்டுபோவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் வகுப்புக்கு முன்பே.

முடிவு செய்ய நான் சொல்லித்தரும் சோதனை எளிமையானது. இந்தத் தவறை முன்பின் தெரியாத ஒருவரிடம் தமிழில், குரல் மாறாமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால் ஆங்கிலத்துக்கு எடுத்துப் போங்கள். முடியாது என்றால் அது பயிற்சிக்கான பொருள் அல்ல. கூடவே, அந்தக் கதையில் இன்னொருவரின் ரகசியம் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இணையவழி வகுப்புகள் பலவற்றைப் பதிவு செய்கிறார்கள். இப்போது நிறையப் பேர் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு பேசிப் பழகுகிறார்கள்; அவை திருத்துவதில் பொறுமைசாலிகள்தான், கேலியும் செய்யாது. ஆனால் நீங்கள் பேசியது அந்த நிறுவனத்தின் சேமிப்பில் தங்கக்கூடும். மனிதரோ செயலியோ, சோதனை ஒன்றுதான்.

தலைப்பையே கொஞ்சம் திருகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் வருத்தத்தைப் பற்றி எழுதியதை நான் என் வகுப்புகளுக்குப் பயன்படுத்துவதுண்டு. அண்மையில் நடந்ததை நினைக்கச் சொன்னால் மனிதர்கள் பெரும்பாலும் செய்துவிட்ட காரியத்துக்கு வருந்துகிறார்கள்; வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் செய்யாமல் விட்ட காரியத்துக்கு வருந்துகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. உங்களுடையது அச்சாக அந்த இரண்டாவது வகை: எடுக்காத போன், போகாத வீடு. ‘வாழ்க்கையில்’ என்று கேட்டதால் அது மேலே வந்தது. ‘இந்த வாரத்தில்’ என்று நீங்களே மாற்றிக்கொண்டால் வருவதெல்லாம் சில்லறைத் தவறுகளாகத்தான் இருக்கும். கோபத்தில் சுருக்கென்று பதில் அனுப்பியது, சொல்லக் கூடாததை அலுவலகக் கூட்டத்தில் சொன்னது, அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி தூங்கியது. இலக்கணத்துக்கும் இது லாபம். செய்யாததற்கு ‘ஷுட் ஹேவ்’, செய்ததற்கு ‘ஷுடன்ட் ஹேவ்’. சின்னத் தவறுகளில் இரண்டும் மாறி மாறி வரும்.

பொய் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக, பேச்சுப் பயிற்சி சத்தியப் பிரமாணம் இல்லை. ஆனால் கற்பனைத் தவறில் பேச்சு இரண்டு வாக்கியத்தில் வற்றிவிடும். ‘அப்புறம் என்ன ஆச்சு, ஏன் அப்படிச் செய்தீங்க’ என்று ஜோடி கேட்டால், ஆங்கிலத்தையும் கதையையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியிருக்கும். சின்ன உண்மைக்கு அந்தச் சிரமம் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் மறுப்பதற்கு நல்ல ஆங்கிலம் இருக்கிறது: ‘ஐ’ட் ராதர் நாட் டாக் அபவுட் தட் ஒன். கேன் ஐ டெல் யூ எ ஸ்மாலர் ஒன்?’ இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மரியாதையாகவும் இருக்கும், மேற்கொண்டு யாரும் தோண்டவும் மாட்டார்கள்.

சரி, மொழிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்த பிழை தமிழ் பேசுபவர்கள் செய்யும் பிழை. அதன் காரணம் தெரிந்தால் மறுபடி வராது.

‘நான் போயிருக்கணும்’ என்று தமிழில் சொல்கிறோம். இதை மூன்றாகப் பிரியுங்கள்: போய், இரு, வேணும். ஆங்கிலத்திலும் அதே மூன்று துண்டுகள்தான், வரிசை மட்டும் தலைகீழ்: ‘ஷுட்’, ‘ஹேவ்’, ‘கான்’. நடுவில் இருக்கும் ‘இரு’ செய்கிற வேலையைத்தான் அங்கே ‘ஹேவ்’ செய்கிறது. ‘ஐ ஷுட் வென்ட்’ என்பது ‘போகணும்’ என்பதற்கும் ‘போனேன்’ என்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாக்கியம். ‘இரு’ எங்கெங்கே கேட்கிறதோ அங்கே ‘ஹேவ்’ வர வேண்டும் என்று காதைப் பழக்குங்கள். சொல்லியிருக்கணும், ஷுட் ஹேவ் டோல்ட். கேட்டிருக்கக் கூடாது, ஷுடன்ட் ஹேவ் ஆஸ்க்ட். எடுத்திருக்கலாம், குட் ஹேவ் டேக்கன்.

ஒரே இடத்தில் தமிழ் காலை வாரும். ‘அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கணுமே’ என்றால் அது வருத்தமில்லை, ஊகம். இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘போயிருக்கணும்’. ஆங்கிலம் இவற்றைப் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கிறது: வருத்தத்துக்கு ‘ஷுட் ஹேவ்’, ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’. நீங்கள் ‘மஸ்ட்’ என்று தொடங்கியதால், இலக்கணம் சரியாக வந்திருந்தால்கூட, ‘அவள் வீட்டுக்கு நான் போயிருப்பேன் போல, நினைவில்லை’ என்கிற மாதிரித்தான் கேட்டிருக்கும். வருத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ‘மஸ்ட்’ வேண்டாம்.

இன்னொரு சங்கதி, காதுக்கானது. எழுத்தில் ‘ஷுட் ஹேவ்’ என்று இருந்தாலும் பேச்சில் யாரும் அப்படி இரண்டாக உடைத்துச் சொல்வதில்லை. ‘ஷுடவ்’ என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். இன்னும் வேகத்தில் ‘ஷுடா’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் எழுத்தில் ‘ஹேவ்’ போட வேண்டிய இடத்தில் ‘ஆஃப்’ (of) என்று எழுதிவிட்டுத் திட்டு வாங்குவது இந்த ஒலியால்தான். நீங்கள் ‘ஷுடவ்’ என்று பழகினால் நாக்கும் தடுக்காது, மற்றவர் சொல்லும்போது காதும் தவறவிடாது.

‘டிட் எ மிஸ்டேக்’ என்பதும் நம் ‘தப்பு பண்ணிட்டேன்’ போட்ட தடம். ஆங்கிலத்தில் மிஸ்டேக்கை ‘மேக்’தான் பண்ண வேண்டும். ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. சிலர் கௌரவமாக இருக்கட்டும் என்று ‘கமிட்’ போடுவார்கள்; அது காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் கேட்கும்.

‘ரிக்ரெட்’ என்ற சொல்லையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ரிக்ரெட் நாட் கோயிங்’ என்றால் போகாததற்கு வருந்துகிறேன் என்று சரியாகவே பொருள்படும். ஆனால் ‘ரிக்ரெட்’டுக்குப் பின்னால் ‘டு’ போட்டால் அது அலுவலகக் கடிதமாகிவிடும். வேலை இல்லை என்று அறிவிக்கும் கடிதங்கள் ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்றுதானே தொடங்குகின்றன? பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது ‘ஐ விஷ் ஐ ஹேட் கான்’ என்பதும், ‘ஐ ஸ்டில் ஃபீல் பேட் அபவுட் இட்’ என்பதும் இயல்பாக இருக்கும். ‘இஃப் ஐ ஹேட் பிக்ட் அப், ஐ வுட் ஹேவ் நோன்’ என்ற நீண்ட வடிவம் கடைசியில் வரட்டும். அதை முதலில் பிடித்துக்கொண்டு திணறுபவர்கள்தான் அதிகம், தேவையே இல்லை.

பயிற்சி முறை என்று ஒன்று கேட்டால் 4-3-2 என்பதைச் சொல்வேன். கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் எழுதியது, பின்னர் மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரப்பியது. ஒரே கதையை முதல் ஆளிடம் நான்கு நிமிடம், அடுத்த ஆளிடம் மூன்று, மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். கதை மாறாது, ஆள் மாறுவார், நேரம் குறையும். மூன்றாவது முறை சொல்லும்போது தேவையில்லாதது உதிர்ந்து, தயக்கம் குறைந்து, வாக்கியங்கள் தாமாகக் கோத்துக்கொள்ளும். ஆள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதிவு செய்து மூன்று முறை சொல்லிப் பாருங்கள். தோழியின் கதையை இப்படி நான்கு, மூன்று, இரண்டு என்று சொல்ல முடியுமா என்று யோசித்தாலே, எது பயிற்சிக்கு ஏற்றது, எது இல்லை என்று புரிந்துவிடும்.

வேலை நேர்காணலில் ‘நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள், அதற்கும் இதே பயிற்சி உதவும். ஒரே வித்தியாசம்: அங்கே வருத்தம் ஒரு வரி போதும், அதற்குப் பிறகு வேலை செய்யும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

இப்போது கேட்பவர் பக்கம். நீங்கள் திரும்பிப் போகும்போது வேறொருவர் உங்களிடம் இப்படிக் கொட்டலாம். அப்போது ‘இட்ஸ் ஓகே’ வேண்டாம்; அது ஓகே இல்லை என்பதால்தான் அவர் சொல்கிறார். ‘யூ ஷுட் ஹேவ் கான்’ என்று இலக்கணச் சுத்தமாகச் சொன்னாலும் அது குற்றச்சாட்டு. ‘ஐ’ உடன் வரும்போது வருத்தமாக இருக்கும் அதே அமைப்பு, ‘யூ’ உடன் வரும்போது விரலை நீட்டுகிறது. ‘தட் மஸ்ட் ஹேவ் பீன் ஹார்ட்’ என்று சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் இருங்கள். உங்களிடமிருந்து பறித்த ‘மஸ்ட் ஹேவ்’ இங்கே பொருந்திவிடுகிறது பாருங்கள். அவர் வலியை நாம் ஊகிக்கத்தான் முடியும். ‘ஐ’ம் சாரி’ என்றும் சொல்லலாம், அது மன்னிப்புக் கேட்பதாகாது. அவர் செய்த பிழைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவர் கதையை முடித்துப் பேச்சு வேறெங்காவது போன பிறகு, ‘சொல்லட்டுமா’ என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உண்மையில் அந்த மாணவர் செய்திருக்க வேண்டியது இதுதான். உங்கள் பயிற்றுநருக்கும் இதை ஒரு யோசனையாக எழுதி அனுப்புங்கள். தலைப்பில் ‘வாழ்க்கையில்’ என்பதை எடுத்துவிட்டு ‘இந்த வாரத்தில்’ என்று போடச் சொல்லுங்கள். நல்ல பயிற்றுநர் என்றால் நன்றி சொல்வார்.

வகுப்புக்குத் திரும்பிப் போங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதே மாணவர் மறுபடி ஜோடியாக வந்து, அன்றைய பேச்சை எடுத்தால் ‘தேங்க்ஸ் ஃபார் லிசனிங் தட் டே. லெட்’ஸ் டாக் அபவுட் சம்திங் எல்ஸ்’ போதும். அவர் எடுக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கும் சங்கடம் இருக்கும்.

கணவரிடம் முழுதாகச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதில் நான் ஆங்கிலப் பயிற்றுநர் மட்டும்தான். ஆனாலும் தமிழில் ஒருமுறை, நம்பிக்கையான ஒருவரிடம் இது சொல்லப்பட வேண்டும் என்று படுகிறது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இது அரித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, தோழிக்கு ஆங்கிலத்தில் செய்தி. அனுப்பாதீர்கள். உங்களுக்கு எது ஆங்கிலத்தை எளிதாக்குகிறதோ, அதுவே அவருக்கு அதை லேசாக்கிவிடும். நீங்கள் இருவரும் சிரித்ததும் சண்டை போட்டதும் தமிழில் என்றால், ‘ஐ’ம் ரியலி சாரி’ என்பது ஆறு வருடம் கழித்து வந்த ஒரு வாழ்த்து அட்டை அளவுக்குத்தான் அவரை எட்டும். எழுதுவது கடினமாக இருக்கட்டும், தமிழில் எழுதுங்கள். ‘நான் உன்னைக் காயப்படுத்தியிருந்தால்’ என்று தொடங்காதீர்கள். காயப்படுத்தினீர்கள், அதில் ‘இருந்தால்’ எதற்கு? நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: ‘நீ கூப்பிட்டப்போ வேணும்னேதான் எடுக்கலை. அம்மா போனப்புறமும் வரலை.’ உங்கள் கோபத்தின் காரணத்தை எழுத வேண்டாம், ஒரு வரிகூட. ‘மன்னிப்பாயா’ என்று கேட்டு அவருக்கு ஒரு வேலை வைக்கவும் வேண்டாம். அவருடைய அம்மாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஏதாவது ஒன்றை இரண்டு வரி எழுதலாம், உண்மையாக நினைவிருந்தால் மட்டும். பதில் வராமல் போகலாம். பார்த்துவிட்டார் என்று கைப்பேசி காட்டினாலும், ஏன் பதில் இல்லை என்று கேட்டு இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள்.